நிழலில்லா நாளுக்குப் போட்ட பந்தல்

எனக்குப் பகல் கனவு காணும் வியாதி உண்டு. இது அம்மா வைத்த பெயர். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால், குறுக்கே வெட்டிய வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சனிக் கோளின் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழியும். "ஒன்னைய நம்பி ஒரு டீத்தண்ணி வைக்க முடியுமா?" என்பாள். முடியாதுதான்.

அந்த வியாதியை வைத்தே பிழைத்துவிடலாம் என்று ஒரு நாள் முடிவெடுத்தேன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டுச் சென்னைப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், ராஜினாமா கொடுத்துவிட்டுத் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினேன். வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. கார் வாங்கும் நம்பிக்கையில் அப்பா கட்டியது. கார் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன லேசர் கட்டிங் மெஷின் வந்தது.

அங்கே உட்கார்ந்து பொம்மைகள் செய்தேன். அட்டையை மடித்தால் நிலா தேய்ந்து வளரும் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் கோள்கள் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றும் மரத்தட்டு. திருவிழாக்களில் வளையல் கடைக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவே ஒரு மேசை போட்டு விற்பேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர்த் துளி ஏன் ஓடுகிறது, மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று ஒரு நிமிட வீடியோக்களும் போடுவேன். அதைப் பார்க்க ஆள் இருந்தது. லைக் போட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பெட்டி வாங்கியிருந்தால் அந்த ஷெட்டில் எப்போதோ கார் நின்றிருக்கும்.

ஆனாலும் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், இதை மறைக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை. மத்தியானங்களில் மெஷினை நிறுத்திவிட்டால் ஷெட்டுக்குள் மரம் எரிந்த வாசனை மட்டும் மிதக்கும். தகரக் கதவின் ஆணித் துளை வழியாக ஒரு வெளிச்சக்கோடு உள்ளே வரும். அதில் தூசி மெதுவாக ஏறி இறங்கும். தெருவில் டவுன் பஸ் போனால் தூசி எல்லாம் ஒரு தரம் உலுக்கிக்கொண்டு மறுபடி அடங்கும். நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் முழுக்க வேலை செய்த திருப்தி அதில் கிடைத்துவிடும். இதுதான் வியாதி.

அப்பா பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்தவர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, பதினோரு மணிக்கு மேல் அவர் வாசற்படி தாண்டி நாங்கள் பார்த்ததில்லை. கல்யாணம் காட்சி என்றாலும் காலையிலேயே போய்த் தலையைக் காட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் மின்விசிறிக்குக் கீழே வந்து படுத்துவிடுவார். "உங்கப்பா வெயிலுக்கு ஆயுசுக்கும் டியூட்டி பாத்து முடிச்சுட்டாரு" என்று அம்மா சொல்வாள். அவர் திட்டுகிறவர் இல்லை. ஷெட் வாசலில் வந்து நின்று, என் மரக்கோள்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாசி மாதத்தில் ஒரு நாள் ஒன்றே ஒன்று சொன்னார்.

"சித்திரை வரைக்கும் பாருத்தா. அதுக்கு மேல சரிவரலன்னா வேலைக்குப் போயிரு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஓசூரில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டிருந்தது. அவர்களும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் சரி என்று தலையாட்டினேன். என் கையில் அப்போது ஒரே ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. நிழலில்லா நாள்.

நம் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு நாள் இது நடக்கும். சித்திரை பிறந்த சில நாட்களில் ஒன்று, ஆவணியில் ஒன்று. அன்றைக்கு உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நிற்கும். நட்டுவைத்த குழாய்க்கு நிழல் இருக்காது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் டம்ளருக்கு நிழல் இருக்காது. நேராக நிற்கும் மனிதரின் நிழல் அவர் காலடிக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். மற்ற நாட்களில் சூரியன் கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ சாய்ந்துதான் போகும். எவ்வளவு உச்சிவெயிலிலும் காலோரம் ஒரு துண்டு நிழல் மிச்சம் இருக்கும். தில்லிக்காரர்களுக்கு ஆயுளில் ஒரு நாள்கூட இது வாய்க்காது. நமக்கு இரண்டு முறை வாய்த்தும் நாம் அந்த நேரத்தில் தூங்குகிறோம்.

நாலைந்து பள்ளிக்கூடங்கள் நடத்தும் ஒரு தாளாளர் என் வீடியோக்களைப் பார்த்திருந்தார். நேரில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் மாதாமாதம் தன் பள்ளிகளில் நடத்த ஒப்பந்தம் போடலாம் என்றார். அவரை நிழலில்லா நாளுக்கு வரச் சொன்னேன். அவர் சரி என்றால் நான் ஷெட்டில் இருப்பேன். இல்லை என்றால் ஓசூர். அப்பாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

திறந்த வெளிக்கு மாமாவிடம் போனேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இலுப்பூருக்கு அங்கிட்டு ஒரு ஊரில் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். என் மேல் உயிரையே வைத்திருப்பவர். "மரமே இல்லாத பொட்டல் வேணும் மாமா" என்றேன்.

"எங்க மந்தைக்கு வந்து பாரு. காக்கா ஒக்காரக்கூட ஒரு மரம் கெடையாது" என்றார் பெருமையாக. "ஆளுகளையும் நானே கூட்டிட்டு வாரேன். நீ பாட்டுக்கு வந்து பேசிட்டுப் போ, மருமகளே. மத்ததெல்லாம் எம்பொறுப்பு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் போய் மந்தையின் நடுவில் பலகைகளைப் போட்டு, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, குழாய்களைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை அம்மாவோடும் அப்பாவோடும் இலுப்பூர் பஸ்ஸில் ஏறினேன். அப்பா வருகிறேன் என்றதே அதிசயம். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் பின்னால் ஓடின. பஸ் ஓடுகிற பூமியும் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கே இல்லாத அந்தப் பெரிய பஸ்ஸில் இந்த டிரைவரும் வெறும் பயணிதான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். மந்தை மேடு ஏறினதும் சிரிப்பு நின்றது.

ராத்திரியோடு ராத்திரியாக மந்தையின் பாதியை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். வெறும் சாமியானா இல்லை, தென்னங்கீற்றுப் பந்தல். வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம். மாவிலைத் தோரணம். உள்ளே ஜமுக்காளம், முன்வரிசைக்குத் துணி உறை போட்ட சேர், ஓரத்தில் மோர்ப் பானை. என்னுடைய குழாய்களும் டம்ளர்களும் நடுவில் ஜில்லென்ற நிழலில் நின்றுகொண்டிருந்தன. பந்தல் முகப்பில் என் போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ். "நிழல் இல்லா நாள் விழா. அனைவரும் வருக." கீழே கொட்டை எழுத்தில்: "நிழற்பந்தல், மோர் வசதி செய்யப்பட்டுள்ளது."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கத்தினேன். "மாமா, என்ன மாமா இது? நிழலே இருக்கக் கூடாதுன்னுதானே பொட்டல் கேட்டேன்!"

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "பொட்டலு கேட்ட, பொட்டலு குடுத்தேன். அதுக்காகப் பந்தல் போடாம இருக்க முடியுமா? எங்கக்கா மக நடத்துற மொத விசேசம். வந்த சனத்தை வெயில்ல ஒக்கார வச்சா நாளைக்கு நான் இந்த ஊருக்குள்ள நடக்க வேணாமா?"

"இப்பவே பிரிக்கச் சொல்லுங்க."

"பயலுகள்லாம் குளத்தூர்ல ஒரு கல்யாணப் பந்தலுக்குப் போயிட்டானுங்க ஆத்தா. இன்னிக்கு முகூர்த்த நாளு. ஒத்தையாள் பிரிக்கிற பந்தலா இது?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "துணிப் பந்தலுன்னா அனலாக் கொதிக்கும்னுதான் கீத்து போட்டேன்."

அதற்கு மேல் அவரை என்ன சொல்வது? எங்கள் ஊர்களில் கூட்டம் என்றால் பந்தல். காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் மனிதர்கள் வந்து கூடும் இடத்தில் தலைக்கு மேலே ஒன்று இருந்தாக வேண்டும். அது இல்லை என்றால் கூப்பிட்டவர் மதிக்கவில்லை என்று அர்த்தம். இதே மண்ணில் பிறந்துவிட்டு, சூரியன் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்ட நான், மாமா எங்கே நிற்பார் என்று கணக்குப் போடவில்லை. அம்மா ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். அப்பா, மாமா வாடகை மின்விசிறி வைத்திருந்த ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

பதினொன்றரைக்குள் பந்தல் நிறைந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "நேரம் வந்ததும் எல்லாரும் வெளியில வந்து நிக்கணும்" என்று கெஞ்சினேன். வாசலைப் பார்த்தார்கள். வெளியே மணல் தகதகவென்று கொதித்தது. செருப்பெல்லாம் பந்தல் வாசலில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. கைக்குழந்தையோடு முன்னால் இருந்த ஒரு அக்கா, "பந்தல் போட்டு ஒக்கார வச்சுட்டு வெயில்ல நில்லுங்குறியே, நல்லாருக்கே ஒன் நாயம்" என்றார். பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தாளாளரின் ஏசி கார் வந்து நின்றது. மாமா ஓடிப்போய்ப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு தாளாளரைப் பார்த்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு வெளிச்ச வட்டம் இருந்தது. பக்கத்துச் சேரின் கைப்பிடியில் ஒன்று. ஜமுக்காளம் முழுவதும், தலைகள், மடிகள், முழங்கால்கள் மேலெல்லாம், பழைய ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, வட்டம் வட்டமாக வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. மேலே கீற்றில் இருந்த இடுக்குகள் எதுவும் வட்டம் இல்லை. ஒன்று கோணல், ஒன்று கீறல், ஒன்று முக்கோணம். கீழே விழுந்தவை மட்டும் எல்லாமே வட்டம். ஏனென்றால் அவை ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். என் ஷெட்டின் ஆணித் துளையில் எத்தனை மத்தியானம் இதைப் பார்த்திருக்கிறேன்!

மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்து, ஜமுக்காளத்தில் கிடந்த ஒரு வட்டத்தைக் காட்டி, "இது என்னன்னு தெரியுதாக்கா? சூரியன்" என்றேன். "நிமிந்து பாக்க முடியாத சூரியன் ஒங்க காலடியில படமா விழுந்து கெடக்கு." நம்பாமல் பார்த்தார். "ஒங்க வளையல் ஒன்னைக் கழட்டி இதைச் சுத்தி வைங்க." வைத்தார். நான் பூமி சுற்றுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் வட்டம் வளையலைத் தாண்டிப் பாதி வெளியே வந்திருந்தது.

"யாத்தே, நகருது!"

"அது நகரலக்கா. நாமதான் நகருறோம். இந்தப் பந்தலு, சேரு, மோர்ப் பானை, மாமா எல்லாரும் சேந்து கெழக்காம போய்க்கிட்டிருக்கோம்."

"அப்ப டிக்கெட் எடுக்க வேணாமா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மறுபடி சிரிப்பு. ஆனால் இந்த முறை ஒவ்வொருவரும் குனிந்தபடி சிரித்தார்கள். மோதிரம், மூடி, கைவிரல் என்று கிடைத்ததை வைத்து ஆளுக்கொரு சூரியனுக்கு வேலி போட்டார்கள். ஒவ்வொரு சூரியனும் நிதானமாக வேலியைத் தாண்டியது.

தூக்குக்குண்டை எடுத்து, மேசை மேல் ஏறி, நல்ல பிரகாசமான வட்டம் ஒன்றின் இடுக்கைக் கண்டுபிடித்து, அந்த இடுக்கின் ஓரத்தில் நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். குண்டின் முனை ஜமுக்காளத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வட்டம் அதற்கு ஒரு முழம் மேற்கே கிடந்தது. "இந்த வட்டம் நடந்து வந்து குண்டோட முனையில நிக்கிறப்ப, சூரியன் சரியா நம்ம தலைக்கு மேல. வெளியில யாருக்கும் நெழலு இருக்காது" என்றேன். எல்லாரும் அந்த ஒரு முழத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சிரித்த முகமாகவே சொன்னார். "நல்லாத்தான் பேசுறீங்கம்மா. ஆனா பேரன்ட்ஸ் ரோபோ இருக்கா, ட்ரோன் இருக்கான்னு கேக்குறாங்க. சூரியன் எங்க ஸ்கூல்லயே இருக்கே, அதுக்கு எதுக்கு நாங்க ஒப்பந்தம் போடணும்?" பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

ஓசூர். காலை ஷிப்ட், கழுத்தில் அட்டை, கேன்டீன் சாம்பார். அங்கேயே மோர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆனால் அந்த அக்கா, "ஏத்தா, அங்க என்ன பண்ற? வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டுக்காரி ஓடிப்போக முடியாது. போய்க் குனிந்தேன்.

பன்னிரண்டேகால் ஆகப்போகிறது. வட்டம் குண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருந்தது. பந்தலுக்குள் பேச்சு அடங்கிவிட்டது. கீற்று வெயிலில் முறுகும் சத்தம் மட்டும் மேலே கேட்டது. எனக்கு ஓசூர் மறந்துபோயிற்று. நாங்கள் எல்லாரும் ஒரு பெரிய பாயில் படுத்தபடி சத்தமில்லாமல் எங்கேயோ மிதந்து போகிறோம், கரை நெருங்குகிறது என்று தோன்றியது. மூன்று விரல். இரண்டு. வட்டத்தின் விளிம்பு குண்டின் முனையைத் தொட்டது. பிறகு முனை வட்டத்தின் நடுவில் நின்றது. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். சாமி ஊருக்குள் வரும்போது போடுவார்களே, அதே குலவை. உடனே எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மாவும் போட்டாள். ஒரு நடுப்பகலுக்குக் குலவை போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அப்பாவைத் தேடினேன். மின்விசிறி ஓரத்துச் சேர் காலியாக இருந்தது. தாளாளர் போனதைப் பார்த்துவிட்டு மனம் வெறுத்துப் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். வாசல் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தேன்.

மந்தையின் அந்தக் கோடியில், கொதிக்கிற மணலில், அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். கொண்டுவந்த குடை மடித்தபடி கக்கத்தில் இருந்தது. தலையில் துண்டுகூட இல்லை. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் காலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். எனக்கும் நிழல் வரவில்லை. வெள்ளை மணலில் நாங்கள் இரண்டு பேரும் எதிலும் ஒட்டாமல் நின்றோம்.

"இல்லத்தா" என்றார். "நெசமாவே இல்ல. சுத்திச் சுத்திப் பாத்துட்டேன்."

"வெயில்ல எதுக்குப்பா வந்தீங்க?"

"நீ மாசக்கணக்கா சொல்லிக்கிட்டே இருந்தியே. ஒருத்தராச்சும் பாக்க வேணாமா?" மறுபடி ஒரு தரம் காலடியைச் சுற்றிப் பார்த்தார். "அங்கிட்டு வேலை பாத்தப்ப மத்தியானமானா கம்பி நெழலு, கயித்து நெழலு, எதாச்சும் கெடைக்காதான்னு அலைவோம். நெழலு இல்லாததை இப்படி நின்னு ரசிச்சுப் பாப்பேன்னு நெனைக்கவே இல்ல."

அவருடைய நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. நான் குடையை வாங்கி விரிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவருடைய காலடியில் கிழக்குப் பக்கமாக ஒரு நூல் அளவுக்குக் கறுப்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"ஸ்கூல்காரர் வேணாம்னுட்டாருப்பா" என்றேன்.

"பாத்தேன். அவரு கெடக்கட்டும்." குடையை ஊன்றிக்கொண்டு பந்தலைப் பார்த்தார். உள்ளே இன்னும் குனிந்தபடி யாரோ யாருக்கோ வட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஆவணியில மறுபடி வரும்னியே, அதுக்கும் ஒங்க மாமனையே பந்தல் போடச் சொல்லு. ஆனா நடுவுல ஒரு ஆளு நிக்கிற அளவுக்குத் தெறந்து விடச் சொல்லு. நான் அதுல நின்னுக்குறேன்."

சித்திரை வரைக்கும் என்று சொன்ன மனிதர் ஆவணி என்கிறார். தலையை ஆட்டினேன். அப்பா குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்தார். நாங்கள் மோர் குடிக்கப் போனோம்.